எங்களோடு இறங்கிய மீசைக்காரன்

1986 ஆனி மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. காலை ஏழரைக்கு ஜெர்மனியின் ஹம் நிலையத்தில் ரயில் ஏறினோம். ஹம்பேர்க் ஏறக்குறைய முந்நூறு கிலோமீட்டர். போக மட்டும் ஆளுக்கு ஐம்பத்தொன்பது மார்க்.

அன்ட்ராக் என்கிற அகதி விண்ணப்பம் முடியும்வரை நாங்கள் ஹம்மை விட்டு வெளியேறக் கூடாது. பிடிபட்டால் என் அன்ட்ராக் என்னாகுமோ, யாழ்ப்பாணத்தில் காத்திருக்கும் மனைவியை எப்போது கூப்பிடுவேனோ! ஆனால் அறைத்தோழன் சிவத்தின் அக்காவுக்கு ஹம்பேர்க்கில் பிள்ளை பிறந்திருந்தது. கொஞ்சமாவது டொச் பாஷை தெரிந்தவன் நான்தான். "நீங்கள் வராட்டில் நான் தனியப் போறன் அண்ணை" என்று வெருட்டியே இழுத்து வந்துவிட்டான்.

முன்ஸ்டரில் ஒரு மீசைக்காரன் ஏறி எங்களுக்கு எதிரே உட்கார்ந்தான். கால்களுக்கிடையில் புடைத்த தோல்பை. பிரேமன் தாண்டியும் அதிலிருந்து கையை எடுக்கவில்லை. எங்களிடமிருந்து கண்ணையும் எடுக்கவில்லை.

"சிவம், இவன் சி.ஐ.டி."

"விசர்க்கதை கதையாதேங்கோ அண்ணை."

"அப்ப பையுக்கை என்ன?"

"உங்கடை சந்தேகம்தான்!" என்று சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பதினொரு மணியளவில் ஹம்பேர்க்கில் இறங்கினோம். அவனும் இறங்கினான். படியேறினோம், பின்னால் அவனும் ஏறினான். நிலையத்துக்கு வெளியே இரண்டு பேர் அவனுக்காகக் காத்து நின்றார்கள். சரி, துலைஞ்சுது என்று நினைத்தேன். அவன் பையைத் திறந்து பெரிய மண்ஜாடி ஒன்றை எடுத்தான். அதன் வாயில் உதட்டை வைத்து ஊதினான். பும், பும், பும்!

"ஐயோ அண்ணை, கள்ளுமுட்டியை ஊதுறான்!"

மற்றவர்களில் ஒருவன் உடுப்புத் தோய்க்கிற தகரப்பலகையை நெஞ்சில் தொங்கவிட்டு விரலுறைகளால் சுரண்டினான். இன்னொருவன் வாளியைக் கவிழ்த்து, அதில் கட்டிய கயிற்றைத் தடியால் இழுத்து மீட்டினான். சமையலறைச் சாமான்களில் இப்படியும் ஒரு சங்கீதமா! கால் தானாக ஆடியது. இதுவும் கூட்டம் சேர்த்து ஆளைப் பிடிக்கிற தந்திரமோ என்று காலை அடக்கினேன்.

சிவம் அடங்கவில்லை. பிள்ளைக்கு வாங்கிய பால்மாத் தகரப்பேணியைத் தலைகீழாகப் பிடித்து, எங்கள் ஊர் பைலாப் பாட்டுத் தாளம் போட்டபடி அவர்களுக்குப் பக்கத்திலேயே போய் நின்றுவிட்டான். மீசைக்காரன் ஊதியபடியே கண்ணடித்தான்.

அப்போதுதான் பொலிஸ்காரன் வந்தான்.

எங்கள் ஊரில் ஜீப் சத்தம் கேட்டால் கலியாண வீட்டு மேளமும் நின்றுவிடும். இங்கே ஒருவனும் நிறுத்தவில்லை. வழியை விட்டுத் தள்ளி நிற்கும்படி பொலிஸ்காரன் கையைக் காட்டினான். மூவரும் வாசித்துக்கொண்டே பின்னால் நகர்ந்தார்கள். பிறகு அவன் விரல் சிவத்தை நோக்கி நீண்டது.

"நீயும்தான்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். சிவமோ பேணியைத் தட்டியபடியே இரண்டடி பின்வாங்கி அவர்களோடு வரிசையில் நின்றான். பொலிஸ்காரன் தலையாட்டிவிட்டு நடந்தான். அவனுடைய கணக்கில் சிவமும் அந்தக் கோஷ்டிதான்.

"பேணி ஏன்டா நெளிஞ்சிருக்கு?" என்று வீட்டில் அக்கா கேட்டாள். பயணத்தில் இடிபட்டது என்றான்.

மாலை ரயிலில் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். யாரை நம்ப ஏலும்?

"அண்ணை, தாளம் போடுறியள்" என்றான் சிவம்.

"இல்லையே" என்றேன். பெட்டிக்குள் சீருடை ஒன்று நுழைந்தது, பயணச்சீட்டுப் பார்ப்பவர். என் விரல்கள் முழங்காலில் தட்டிக்கொண்டுதான் இருந்தன. நான் நிறுத்தவில்லை.