பத்தியச் சோறும் பி ஊசியும்

அக்கா கண்மூடிய காலையில் அத்தான், மாமி, அக்காவின் மகள், நான் நால்வரும் அருகிலிருந்தோம். நாங்கள் தேடிய ஒருவர் மட்டும் இல்லை. மகள் பிறந்த காலத்தில் அக்காவை எங்களுக்கு மீட்டுத் தந்த டொக்டர் ஐயா எப்போதோ மாற்றலாகிப் போய்விட்டார். இந்த நன்றிக் குறிப்பு அவர் கண்ணில் படவேண்டும் என்பதே எங்கள் ஆசை.

தோப்பூருக்கு அருகே வயற்காரக் குடும்பத்தில் அக்கா பிறந்தார். தாயில்லாத வீட்டில் தான் நாற்று நட்டு என்னைப் பள்ளிக்கு அனுப்பினார். எங்கள் குடும்பத்தில் முதன்முதல் படித்தவன் நான் என்றால், அது அவர் உழைப்பு.

பிள்ளை வயிற்றிலிருந்த மாதங்களெல்லாம் அக்காவுக்கு ஓயாத சத்தி, வாந்தி. பிள்ளை பிறந்ததும் அத்தானின் தாயாரான மாமி பத்தியம் வைத்தார். வீட்டுச் சிவப்பரிசி மந்தம் என்று விலக்கினார். கடையில் கூப்பனுக்குக் கிடைக்கும் வெள்ளை அரிசியைத் தண்ணீர் தெளியும்வரை கழுவி, கஞ்சியை வடித்துவிட்டு, மிளகுத்தண்ணியோடு கொடுத்தார். மீன், பருப்பு, கீரை எதுவும் ஆகாது. எல்லாம் மருமகள் மேலுள்ள பாசம்தான்.

சில வாரங்களில் அக்காவின் நடை தள்ளாடியது. கண்மணிகள் நில்லாமல் ஆடின. என்னைப் பார்த்து, இறந்துபோன அப்பாவை அழைப்பதுபோல் அழைத்தார். ஊர் பேய் என்றது, நூல் கட்டினார்கள்.

"பேயெண்டாலும் ஆசுபத்திரியில காட்டிட்டு வருவம்" என்று அத்தான் அவரைத் தூக்கினார். நாங்கள் காக்கா என்றழைக்கும் தோப்பூர் முஸ்லிம் அண்ணர் ஒருவர் தம் டிராக்டரில் மூதூர்த் துறைவரை கொண்டுவந்து விட்டார். லோஞ்சுப் படகில் குடாவைக் கடந்து பெரியாசுபத்திரிக்குப் போனோம்.

டொக்டர் ஐயா விரலை அசைத்துக் கண்களைப் பார்த்தார்.

"பிள்ளை, நான் ஆர்?"

"இறக்கக்கண்டியில இருக்கிற சித்தப்பா. மீன் கொண்டந்தனீங்களோ?"

மாமி தலையில் அடித்துக்கொண்டார். "பாத்தீங்களே டொக்டர், இது பேயின்ர கதை!"

"நல்ல பேய்தான் அம்மா, தேவையானதைத்தான் கேக்குது. என்ன சாப்பாடு குடுக்கிறனீங்கள்?"

மாமி பெருமையோடு ஒப்புவித்தார்.

"கழுவின தண்ணியும் வடிச்ச கஞ்சியும்?"

"அது மாட்டுக்கு."

"அப்ப மாடு நல்லாயிருக்குமே!"

தாதி குளுக்கோஸ் போத்தலோடு வந்தார். ஐயா கையை மறித்தார். "முதல் பி ஊசி. அது இல்லாமல் குளுக்கோஸ் ஏத்தினால் மூளை இன்னும் கெடும்." பிறகு எங்களுக்கும் விளக்கினார். தவிட்டிலும் பருப்பிலும் உள்ள பி ஒன்று என்ற உயிர்ச்சத்து அற்றுப்போனால் மூளை பட்டினி கிடக்குமாம். கண் ஆடி, கால் தள்ளாடி, புத்தியும் தடுமாறினால் ஊசி போடச் சுணங்கவே கூடாதாம். பால் குடிக்கும் குழந்தைக்கும் ஊசி போட்டார்.

மறுநாளே அக்காவின் கண்கள் நிலைத்தன. "தம்பி, ஏன் இந்தத் தாடி?" என்றார். நடை திரும்பச் சில வாரங்களாயின.

அதன்பின் ஊரில் பிள்ளை பெற்ற வீடுகளுக்கெல்லாம் அக்கா போவார். நேரே குசினிக்குள் நுழைந்து பானையைத் திறப்பார். "கஞ்சியை ஆருக்கு ஊத்துறியள், மாட்டுக்கோ?" மாமியே முதலில் சிரிப்பார். சென்ற ஆண்டு நெஞ்சுநோய் கண்டு படுக்கும்வரை அந்த வேலையை அக்கா விடவில்லை.

தோப்பூர்க் காக்காவுக்கும், லோஞ்சுக்காரருக்கும், தாதிமாருக்கும், இறுதிக் கிரியைகளில் தோள்கொடுத்த உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கைகூப்புகிறது.

ஆசுபத்திரி எங்களிடம் ஒரு சதமும் வாங்கவில்லை. அந்த நோய்தான் ஒன்றை வாங்கிக்கொண்டது. மகள் பிறந்த நாட்கள் அக்காவின் நினைவுக்குத் திரும்பவேயில்லை. ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவளை மடியிலிருத்தி, "நீ பிறக்கேக்க அழுதனியோ?" என்று கேட்பார்.

"ஓம் அம்மா, நல்லா அழுதனான்" என்று மகள் சொல்லிக்கொடுப்பாள்.