மாமன் மடிக்கு ஒரு விமானப் பயணம்

என் மகளுக்கு ஐந்து வயது நடக்கும்வரை காது குத்தவில்லை. கடலூரில் என் புகுந்த வீட்டில் அது பெரிய பேச்சாக ஓடிக்கொண்டிருந்தது. காரணம் என் பிடிவாதம்.

எனக்கு உடன்பிறந்தவன் ஒரே தம்பி. அப்பா, அம்மா இருவரும் போன பிறகு சிதம்பரத்து வீட்டில் அவனுக்கு நான், எனக்கு அவன் என்று இருந்தோம். எனக்குக் கல்யாணம் முடிந்ததும் அவன் சிங்கப்பூருக்கு வெல்டிங் வேலைக்குப் போய்விட்டான். 2004இல் மகளுக்கு மொட்டை போட்டபோது அவனுக்கு லீவு கிடைக்கவில்லை. எங்கள் பக்கம் மொட்டைக்கும் காதுகுத்துக்கும் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன் வரமுடியாவிட்டால் முறைக்கு யாரையாவது உட்கார வைப்பார்கள். என் பெரியப்பா மகனை உட்கார வைத்து மொட்டையை முடித்தோம். அன்றைக்குப் பந்தியில் என் நாத்தனார், “மாமன் இருந்தும் இல்லாத புள்ளையாப் போச்சு” என்றார். அவர் மனதில் ஒன்றும் இல்லை, வாய்தான் அப்படி. ஆனால் எனக்குச் சுருக்கென்று தைத்தது.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். “காது குத்துனா என் தம்பி மடியிலதான் அண்ணி குத்துவேன். அவன் வரலைன்னா நான் அங்க தூக்கிட்டுப் போறேன்” என்று இலைக்கு முன்னாலேயே சொல்லிவிட்டேன். சிங்கப்பூர் என்ன நெல்லிக்குப்பமா, காலையில் போய்ச் சாயங்காலம் திரும்ப? சொன்ன பிறகுதான் உறைத்தது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

ஒவ்வொரு வருஷமும் தம்பி வருகிறேன் என்பான். ஒவ்வொரு வருஷமும் ஏதாவது குறுக்கே வரும். 2008இல் அவனே போன் பண்ணி, “அக்கா, அன்னிக்கு வீராப்பா பேசுனியே, தூக்கிட்டு வா” என்றான்.

கோடை விடுமுறையில் போவதென்று முடிவானது. என் கணவர் எதையும் திட்டம் போட்டுச் செய்கிறவர். பிள்ளையை அலுங்காமல் குலுங்காமல் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி என்று, வெளிநாடு போய் வந்த ஒருவரையும் விடாமல் விசாரித்தார். ஒருவர் பருப்புப்பொடி எடுத்துப்போகச் சொன்னார். இன்னொருவர் மாற்றுத் துணியைக் கைப்பையிலேயே வைக்கச் சொன்னார். வேறொருவர், “புள்ள தூங்கிடுச்சுன்னா ராஜபயணம் சார்” என்றார். அது இவருக்கு ரொம்பவே பிடித்துப்போனது. கூடத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, துண்டை பெல்ட்டாகக் கட்டி, மகளை உட்கார வைத்து ஒத்திகை பார்த்தார்.

“ஏங்க, நீங்க எல்.கே.ஜி. வாத்தியாரா போயிருக்கலாம்” என்றேன். அவர் துண்டை அவிழ்த்து மறுபடி கட்டிப் பார்த்தார்.

எனக்கோ வேறு கவலை. என் மகள் புது ஆளைக் கண்டால் கிட்டவே போகமாட்டாள். நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் சிதம்பரத்தில் இருந்தது. அவளும் அங்கேதான் படித்தாள். தினமும் கடலூரிலிருந்து இருவரும் பஸ்ஸில் போய்வருவோம். சனிக்கிழமை பள்ளி விட்டதும் தெற்கு வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டருக்கு அவளைக் கூட்டிப்போவேன். கம்ப்யூட்டரில் தம்பியின் முகம் விட்டுவிட்டுத் தெரியும். “குட்டி, மாமாவப் பாரு” என்பான். இவள் மேசைக்கு அடியில் புகுந்துகொள்வாள். கடைசிவரை வெளியே வரமாட்டாள்.

“வெக்கப்படுதுக்கா, வுடு” என்று அவன் சிரிப்பான். இவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போய், அவன் மடியில் உட்காரமாட்டேன் என்று இவள் முரண்டு பிடித்தால், இத்தனை வருஷம் காத்திருந்தவன் முகத்தில் எப்படி விழிப்பது? பெட்டி கட்டும்போதெல்லாம் இதே நினைப்புதான்.

கிளம்பும் அன்றைக்கு என் பங்குக்கு நானும் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன். காலை பஸ்ஸில் ஆலப்பாக்கம் தாண்டியதும் ஜன்னல் காற்று சில்லென்று அடிக்கும். காதுக்குள் காற்று பூந்துவிடும் என்று தினமும் பஞ்சு வைத்து ஸ்கார்ஃப் கட்டித்தான் அவளைக் கூட்டிப்போவேன். பஸ்ஸுக்கே அப்படியென்றால் விமானத்துக்கு எவ்வளவு வேண்டும்? இரண்டு காதிலும் பஞ்சைத் தாராளமாக வைத்து அடைத்தேன். கணவர் தயிர்சாதம் ஊட்டித் தூங்க வைத்தார். அவர் ஆசைப்பட்ட ராஜபயணம் அப்படியே வாய்த்தது, விமானம் இறங்கத் தொடங்கும்வரை.

இறங்கத் தொடங்கியதும் காது அடைத்து, வலி தாங்காமல் வீறிட்டு எழுந்தாள். நான் கைகால் ஓடாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து இருக்கையில், மகளின் பிரசவத்துக்காகப் போய்க்கொண்டிருந்த ஓர் அம்மா இருந்தார்.

“இன்னாம்மா இது, காதுல பஞ்ச அடைச்சு வச்சிருக்க? எறங்கும்போது புள்ளைய எழுப்பி வாயில எதுனா குடுக்கணும். முழுங்கிக்கிட்டே இருந்தா வலி தெரியாது” என்று தன் பையிலிருந்து கமர்கட்டை எடுத்து நீட்டினார். திட்டிக்கொண்டே என் மகளின் முதுகையும் தடவிக்கொடுத்தார். அந்த அம்மா எந்த ஊர் என்றுகூட நான் கேட்கவில்லை. அதற்குப் பிறகு எந்தப் பயணத்திலும் என் பிள்ளை காது வலித்து அழுததில்லை. அவர் எங்கே இருந்தாலும் நன்றாக இருக்க வேண்டும்.

வெளியே தம்பி பெரிய கரடி பொம்மையோடு நின்றிருந்தான். ஆள் இளைத்துக் கறுத்திருந்தான். “குட்டி” என்று இரண்டு கைகளையும் நீட்டினான். அவள் காதுகளைப் பொத்திக்கொண்டு, “தொடாத, போ” என்று அலறினாள். அவன் கைகளை மடக்கிக்கொண்டு எங்கள் பெட்டியைத் தூக்கினான்.

வலி அன்று மாலையே போய்விட்டது, பயம் போகவில்லை. தலை சீவக்கூடக் காதுப் பக்கம் கையைக் கொண்டுபோக விடவில்லை. காது குத்துவதற்கோ அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாள் குறித்திருந்தோம்.

தம்பியோடு வேலை பார்த்த ஒருவர் தன் வீட்டில் எங்களுக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார். முன்பின் பார்த்திராத அந்தக் குடும்பம் எங்களுக்காகக் கூடத்தில் பாய் போட்டுப் படுத்தது. தம்பி லீவு போட்டிருந்தான். எங்கிருந்தோ குழந்தைகளுக்கான ஒரு தள்ளுவண்டியை இரவல் வாங்கி வந்து, மகளை அதில் உட்கார வைத்து ஊர் முழுக்கத் தள்ளினான். முன்னால் வந்து முகத்தைக் காட்டவே மாட்டான். மிருகக்காட்சிசாலையில் அவள் ஒரு செருப்பைக் கழற்றிப் போட்டாள். அவன் எடுத்து மாட்டிவிட்டான். மறுபடி போட்டாள். மறுபடி மாட்டினான். அன்றைக்கு முழுவதும் இதுவே விளையாட்டாகிவிட்டது. அவள் சிரித்தாள். ஆனால் மாமா என்று கூப்பிடவும் இல்லை, அவன் தூக்க வந்தால் இடம் கொடுக்கவும் இல்லை.

சனிக்கிழமை சாயங்காலம் எனக்குப் பொறுமை போய்விட்டது. “நாளைக்கு இறுக்கிப் புடிச்சு உன் மடியில உட்கார வச்சிடுறேன். கொஞ்ச நேரம்தான், கத்துனா கத்தட்டும்” என்றேன்.

தம்பி தலையை ஆட்டினான். “வேணாம்க்கா. மாமான்னாலே வலின்னு அவ மனசுல பதிஞ்சிடும். அப்பறம் நான் ஊருக்கு வந்தாலும் ஓடுவா. அவுங்கப்பா மடியிலயே குத்தட்டும். நான் பக்கத்துல நின்னுக்கிறேன்.”

“அப்பறம் எதுக்குடா நாங்க இவ்ளோ தூரம் வந்தோம்?”

“வந்துட்டீங்க இல்ல. எனக்கு அது போதும்” என்றான்.

நான் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். பந்தியில் நாத்தனார் சொன்ன ஒரு சொல்லுக்காக நான் கட்டிய வீம்பு அது. அவனுக்கு அதெல்லாம் ஒன்றுமே இல்லை. பிள்ளை அவனைக் கண்டு பயப்படக் கூடாது, அவ்வளவுதான். இப்படிப்பட்டவனை எனக்குத் தம்பியாகக் கொடுத்ததற்குக் கடவுளுக்கு எத்தனை கும்பிடு போட்டாலும் தகும்.

ஞாயிற்றுக்கிழமை, தமிழர் கடைகள் நிறைந்த தேக்கா பகுதியில் ஒரு நகைக்கடையின் பின்னறைக்குப் போனோம். மாமன் சீராகப் பாவாடை சட்டை, பழம், பூ, தோடு எல்லாம் தட்டில் வைத்துத் தம்பி கொண்டுவந்திருந்தான். தட்டை வைத்துவிட்டுச் சுவரோரம் போய் நின்றுகொண்டான். கணவர் மணையில் உட்கார்ந்து மகளை மடியில் வைத்துக்கொண்டார். நான் அவள் வாயில் வெல்லக்கட்டியை வைத்தேன். ஆசாரி முதல் காதைக் குத்தியதும் வெல்லம் தெறித்து விழுந்தது.

“மாமா” என்று கத்தினாள்.

அப்பாவைத் தள்ளிவிட்டு, சுவரோரம் நின்றவனைப் பார்த்து இரண்டு கைகளையும் நீட்டினாள். தம்பி ஒரு நொடி நகரவே இல்லை. அப்புறம் ஓடிவந்து தூக்கிக்கொண்டான்.

“பொறந்ததுலேருந்து தூக்கி வளத்தவன் நான், இன்னிக்கு எதிரியாயிட்டேன்” என்று கணவர் எழுந்து மணையைத் துடைத்துவிட்டார். “நீ உட்காரு மச்சான்.”

தம்பி உட்கார்ந்தான். அவள் அவன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அவன் நெஞ்சில் கன்னத்தை அழுத்திக்கொண்டாள். ஆசாரி ஊசியை எடுத்ததும், நெருப்புப் பொறியிலேயே வேலை செய்கிற என் தம்பி கண்களை இறுக மூடிக்கொண்டான். இரண்டாவது காதுக்கும் அவள் அழத்தான் செய்தாள். ஆனால் மடியை விட்டு அசையவில்லை. அழுகை அடங்கிய பிறகு நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அவன் இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. ஓரத்தில் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

“மாமா, முடிஞ்சிடுச்சு. கண்ணத் தொற” என்றாள்.

அவன் கண்ணைத் திறக்க ரொம்ப நேரம் ஆயிற்று.