வாய்தாவுக்கு நான் கொடுத்த தண்டனை

வாய்தா என்பது ஓர் ஆளின் பெயர் என்றுதான் மூன்றாம் வகுப்பு வரைக்கும் நம்பிக்கொண்டிருந்தேன். அதுவும் கெட்ட ஆள்.

லாரி மோதி சித்தப்பாவின் வலது கால் நசுங்கிப்போய், கடலூர் கோர்ட்டில் வழக்கு நடந்துகொண்டிருந்தது. சுரங்கத்தில் ஷிப்டு வேலை பார்த்த அப்பா, லீவு போட்டுவிட்டு, ஊன்றுகோலும் கையுமாக இருந்த சித்தப்பாவை பஸ் ஏற்றிக் கூட்டிப்போவார். சாயங்காலம் இருவரும் வாடிய முகத்தோடு திரும்பியதும் அம்மா வாசலிலேயே கேட்பாள். "வாய்தாதான்" என்பார் அப்பா.

"இன்னிக்குமா? நாசமாப்போற வாய்தா, நம்ம உயிர வாங்காம வுடாது போலருக்கு!"

உயிரை வாங்குகிறவன் வில்லனாக இல்லாமல் வேறு யாராக இருப்பான்?

அந்தச் சமயத்தில்தான் சித்தப்பா எங்களை ஒரு படத்துக்குக் கூட்டிப்போனார். கதாநாயகன் வக்கீல். சாட்சிகள் விலைபோய், குற்றவாளிகள் சிரித்துக்கொண்டே கோர்ட்டை விட்டு வெளியே வருவார்கள். இவன் முகமூடி போட்டுக்கொண்டு போய் ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவான். தியேட்டரே விசிலடித்தது. சித்தப்பா ஊன்றுகோலால் தரையைத் தட்டிய தட்டில் முன்வரிசைக்காரர் திரும்பி முறைத்தார். இவ்வளவு சுலபமான வழி இருக்கும்போது இவர்கள் எதற்குக் கடலூருக்கு அலைகிறார்கள் என்று எனக்குப் பாவமாக இருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் குவார்ட்டர்ஸ் வாசலில் ஒரு பழைய சைக்கிள் வந்து நின்றது. ஒல்லியான ஒருவர், கையில் கொய்யாப்பழப் பையோடு தயங்கித் தயங்கி உள்ளே வந்தார். யாரென்று அம்மாவிடம் கேட்டேன்.

"வாய்தா சொல்ல வந்திருக்காரு. நீ வெளிய போய் வெளயாடு."

என் காதில் விழுந்தது முதல் சொல் மட்டும்தான். வந்தவர், சித்தப்பாமேல் மோதிய அந்த லாரியின் டிரைவர். முதலாளியின் வக்கீல் மறுபடியும் வாய்தா கேட்கப்போகிறார், வீணாக லீவு போட வேண்டாம் என்று சொல்வதற்காக மந்தாரக்குப்பத்திலிருந்து மிதித்து வந்திருந்தார். இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அந்த முதலாளியை நாங்கள் யாரும் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்களே, என் நீதியும் கையில் அகப்பட்டவர்மேல்தான் பாய்ந்தது.

அப்பா சுரங்கத்துக்குக் கட்டிக்கொண்டு போகும் தூசித்துணியை முகத்தில் கட்டிக்கொண்டேன். சைக்கிளின் இரண்டு சக்கரங்களிலும் காற்றைப் பிடுங்கிவிட்டேன்.

கிளம்ப வந்தவர், தரையோடு அமுங்கிக் கிடந்த டயர்களைப் பார்த்தார். நான் ஓடி ஒளியவில்லை. "வாய்தா, உனக்கு இதான் தண்டன!" என்றேன்.

அப்பா கையை ஓங்கிவிட்டார். விஷயம் புரிந்து சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். அவர் வாய்விட்டுச் சிரித்து எவ்வளவோ நாளாகியிருந்தது. டிரைவர் சிரிக்கவில்லை. அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அடிக்காதீங்க. தண்டனயோ வுடுதலயோ, ஏதாச்சும் ஒண்ணச் சொல்லி முடிச்சுவுட மாட்டாங்களான்னு மூணு வருசமா கோர்ட்டுல நின்னுகினு இருக்கேன். ஒருத்தரும் சொல்லல. பாப்பாதான் சொல்லியிருக்கு."

அப்பா ஓங்கிய கையை இறக்கி சைக்கிளின் பின்பக்கத்தைப் பிடித்தார். இருவருமாக அதைப் பிளாக் முனையிலிருந்த சைக்கிள் கடைக்குத் தள்ளிக்கொண்டு கிளம்பினார்கள். வில்லனுக்கு என் அப்பாவே வண்டி தள்ளுகிறாரே என்று எனக்கு அழுகை வந்தது. ஆனாலும், தண்டனை வாங்கிய ஆள் கேட் அருகில் நின்று, கண்கலங்க என் தலையில் கைவைத்து, "நல்லாயிரும்மா" என்று எதற்குச் சொல்லிவிட்டுப் போனார் என்பதுதான் எனக்கு அன்றைக்குக் கடைசிவரை விளங்கவில்லை.