இலையை மூட வேண்டாம்

கோவிந்தசாமியின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் செல்வாம்பாள் மெஸ்ஸைத் திறந்தார். புதுச்சேரி லாஸ்பேட்டையில் கணவனும் மனைவியுமாகப் பதினெட்டு வருடம் நடத்திய கடை. அவர் சமைப்பார், இவர் பரிமாறுவார். இனி இரண்டும் இவர்தான்.

முதல் வாரம் கூட்டத்துக்குக் குறைவில்லை. எல்லாரும் சாப்பாடு நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு, இலையை மடித்துவிட்டுப் போனார்கள். மூன்றாம் வாரம் நாளுக்கு அறுபது இலை இருபத்திரண்டாகிவிட்டது. கடை தொடருமா, செல்போன் கடைக்கு விடலாமா என்று மாதக் கடைசிக்குள் சொல்லும்படி இடத்துக்காரர் கேட்டிருந்தார்.

அன்று எடுத்த எச்சில் இலைகளில் ஒன்று கை தவறி விழுந்து பிரிந்தது. உள்ளே முட்டைகோஸ் பொரியல் வைத்தது வைத்தபடி இருந்தது. அடுத்ததைப் பிரித்தார். அதிலும் அப்படியே. இருபத்திரண்டையும் பிரித்துப் பார்த்தார். பதினேழில் முட்டைகோஸ். புருஷனைப் பறிகொடுத்தவளிடம் குறை சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. இலைக்குள் மடித்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

மறுநாள் கரும்பலகையில் எழுதினார்: இலையை மூட வேண்டாம்.

சாப்பிட்டவர்கள் நெளிந்தார்கள். இலையை மூடாமல் எழுந்தால் வீட்டில் திட்டு விழும். தினமும் சாப்பிட வரும் குமாஸ்தா ஹரிகிருஷ்ணன் பழக்கத்தில் மடித்துவிட்டு, திரும்பி வந்து பிரித்து வைத்தார்.

எது மிஞ்சுகிறது என்று செல்வாம்பாள் அடுப்பங்கரைச் சுவரில் குறித்தார். வாரத்துக்கு ஒருமுறை மூட்டையாகக் கோஸும் பீன்ஸும் வாங்குவது நின்றது. காலை ஆறு மணிக்கு உழவர் சந்தை. அன்று வந்த காயில் மூன்று வகை, கொஞ்சம் கொஞ்சமாக. மூன்றில் எந்த இரண்டு வேண்டும் என்பது சாப்பிடுகிறவர் பாடு. அமாவாசையன்று நாட்டுக்காய் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு வாழைக்காயும் அவரைக்காயும்.

இலை முப்பத்தைந்துக்கு ஏறியது. ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை.

மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது ஹரிகிருஷ்ணன் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பீர்க்கங்கா கூட்டுல தேங்கா ஜாஸ்தி. அண்ணன் இவ்ளோ போட மாட்டாரு."

கோவிந்தசாமியின் பேச்சைச் செல்வாம்பாள் முன்னால் அதுவரை யாரும் எடுத்ததில்லை.

"அந்த ஆளு தேங்கா விஷயத்துல கஞ்சன்பா," என்றார் செல்வாம்பாள்.

யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும்.

"சரி, நாளைக்கு என்ன காய் போடறது?"

ஒருவர் சுரைக்காய் என்றார். இன்னொருவர் அது ஆஸ்பத்திரிச் சாப்பாடு என்றார். முள்ளங்கிக்கு மூன்று பேர், முருங்கைக்கீரைக்கு ஐந்து பேர். அவர்கள் சண்டை போட்டுக்கொண்டிருக்கும்போதே, கரண்டியைக் கீழே வைத்துவிட்டு இடத்துக்காரருக்குப் போன் போட்டார் செல்வாம்பாள்.