குன்சுலு வாங்கிய சத்தமில்லாத கணினி

தராஸ் நகரத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுத்த தாய்மார்களில் எத்தனையோ பேர் குன்சுலுவைப் பார்த்ததே இல்லை. ஆனால் அவர்கள் சிந்திய கண்ணீர் படத்தில் எந்த இடத்தில் வர வேண்டும், எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தவள் அவள்தான்.

தோய் என்று நாங்கள் சொல்கிற கல்யாண விருந்துகளைத் துலெகென் என்பவன் கேமராவில் பிடித்து வருவான். அதை வெட்டி, ஒட்டி, பாட்டுச் சேர்த்து, பெரியவர்கள் கையேந்திச் சொல்லும் வாழ்த்து தெளிவாகக் காதில் விழும்படி செய்து, படமாக்கித் தருவது குன்சுலுவின் வேலை. ரொட்டித் தொழிற்சாலையில் நின்று நின்று இடுப்பு போன பிறகு, தானே தட்டுத் தடுமாறிக் கற்றுக்கொண்ட தொழில். கணவன் ஒராஸ்பெக் பஸ் ஓட்டுகிறான். என் வீட்டுக்கு நேர் மேல் வீடு அவர்களுடையது. "சும்மா உக்காந்து எதையோ தட்டிக்கிட்டு இருக்கா" என்று ஒராஸ்பெக்கின் உறவுக்காரர்கள் சொல்வது எனக்கும் கேட்டிருக்கிறது. அவளோ இரண்டு மடங்கு கவனமாக அவர்கள் வீட்டுத் தோய்ப் படங்களைச் செய்து கொடுப்பாள்.

இந்த இலையுதிர் காலத்தில் துலெகென் புதிய கேமரா வாங்கினான். சனியன் அங்கேதான் பிடித்தது. அதன் படங்களைத் திறந்தால் குன்சுலுவின் பழைய கணினி திக்கித் திக்கி நின்றது. மணப்பெண் ஓர் அடி எடுத்து வைக்க அரை நிமிடம் ஆனது.

துலெகென் தயங்கித் தயங்கித்தான் சொன்னான். "கோவிச்சுக்காதீங்க அக்கா. உங்க கை யாருக்கும் வராது. ஆனா மெஷின் செத்துப்போச்சே, நான் என்ன பண்றது? அடுத்தது உங்க நாத்தனார் பொண்ணு தோய். அதை உங்ககிட்டதான் தரப்போறேன். அதுவும் இழுத்தா, இனிமே எல்லாத்தையும் ஷிம்கென்ட் ஊரு ஸ்டுடியோவுக்கு அனுப்பிடுவேன்."

அவன் போன பிறகு அவள் கீழே இறங்கி வந்து என் சமையலறையில் உட்கார்ந்தாள். நான் ஊற்றிய பால் தேநீரைத் தொடவில்லை.

"இந்த வேலையும் போச்சுன்னா நான் யாருடி?" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

புதிய கணினி வாங்க வேண்டும் என்பதில் ஒராஸ்பெக்குக்கும் மறுப்பில்லை. எங்கே வாங்குவது என்பதில்தான் அவனுக்கு யோசனையே தேவைப்படவில்லை. "ஜன்செரிக் கடை இருக்கும்போது வேற எங்க போவாங்க?" என்றான்.

ஜன்செரிக், ஒராஸ்பெக்கின் அக்கா ரைஹானின் மகன்; தோய் நடக்கவிருக்கும் பெண்ணின் கூடப்பிறந்தவன். சந்தையின் மேல்தளத்தில் கணினிக் கடை வைத்திருக்கிறான். சகோதரியின் மகனை நாங்கள் ஜியென் என்போம். தாய்மாமன் வீட்டில் ஜியெனுக்கு இருக்கிற உரிமை வேறு யாருக்கும் கிடையாது. வாழ்நாளில் மூன்று முறை அவன் எதைக் கேட்டாலும் கொடுத்தே ஆக வேண்டும். அவன் மனம் நோகும்படி இல்லையென்று சொன்ன வீடு உருப்படாது என்று நம்புகிறவர்கள் நாங்கள். அந்த வீட்டுக்கு மருமகளாக வந்தவள் ஜியெனிடம் வேண்டாம் என்ற சொல்லையே வாயில் எடுக்க மாட்டாள்.

துணைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போனாள்.

"வாங்க அத்தே!" என்று ஜன்செரிக் எழுந்து நின்றான். "மாமா போன் பண்ணாரு. உங்களுக்குன்னே ஒண்ணு எடுத்து வெச்சிருக்கேன். யாரும் தொடக்கூடாதுன்னு சொல்லிட்டேன்."

பெட்டியை மூடியிருந்த துணியை விலக்கிப் பொத்தானை அழுத்தினான். கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பு, நீலம், பச்சை என்று விளக்குகள் ஓட ஆரம்பித்தன. உள்ளே இருந்த விசிறிகள் ஒன்றோடொன்று போட்டி போட்டுக்கொண்டு இரைந்தன.

"என்னடா இது, தோய் மண்டபத்தையே உள்ள வெச்சிருக்கே?" என்றேன்.

"இப்ப எல்லாரும் கேக்கறது இதான் அக்கா. எந்த கேமும் சும்மா பறக்கும்."

"சத்தம் கொஞ்சம்..." என்று இழுத்தாள் குன்சுலு.

"ஆடும்போது காதுல ஹெட்போன் இருக்கும். கேக்காது."

"நான் ஆடறதில்லையேப்பா."

"வாங்கிட்டுப் போங்க, ஆட ஆரம்பிச்சிடுவீங்க! அப்புறம் மாமாவுக்கு யாரு சமைப்பா, அதான் என் கவலை." பக்கத்துக் கடைக்காரர்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

"மெமரி எவ்வளவு வரும்?"

"பதினாறு ஜிபி. தாராளம்."

அவளுக்கு அது போதாது என்று எனக்கே தெரிந்தது. பெரியவர்களின் வாழ்த்தை வார்த்தை வார்த்தையாகக் கேட்டுச் சரிசெய்கிறவள், இந்த இரைச்சலுக்குப் பக்கத்தில் எப்படி உட்காருவாள்? ஆனால் பையன் தேநீர் ஊற்றி இரண்டு கைகளாலும் நீட்டினான். கண்களில் அவ்வளவு பெருமை. அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல அவளால் முடியவில்லை.

"மாமாகிட்ட பேசிட்டு வரேம்ப்பா" என்று எழுந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் கணினிக் கடை வாசலில் அவள் கால்கள் தாமாக நின்றன. "சும்மா பாத்துட்டு வரலாம்" என்றாள். வாங்கத்தான் போகிறாள் என்று நான் புரிந்துகொண்டேன்.

கடையில் இருந்த டனா என்ற பெண் கேட்ட முதல் கேள்வியே, "என்ன வேலைக்கு அக்கா?" என்பதுதான்.  இத்தனை வருடத்தில் அதை யாரும் குன்சுலுவிடம் கேட்டதில்லை. கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்தாள். புதிய கேமராவில் எடுத்த ஒரு துண்டு அதில் இருந்தது.

டனா அதை ஒரு கணினியில் போட்டாள். திக்கியது. "இதுல கிராபிக்ஸ் கார்டு பெரிசு. ஆனா பிராசசர் உங்க ஃபைலுக்கு ஒத்துவரலை. இதுல பாக்கலாம்" என்று வேறொன்றில் போட்டாள். மணப்பெண் தண்ணீர் போல நடந்து வந்தாள்.

அதன் பிறகு இருவரும் பேசியதில் பாதி எனக்குப் புரியவில்லை. பெரிய கிராபிக்ஸ் கார்டு வேண்டாம், நடுத்தரமானது போதும், அதில் மிச்சமாவதை மெமரியில் போட்டு அறுபத்து நாலாக்கலாம் என்றாள் டனா. வேலை செய்ய வேகமான எஸ்எஸ்டி ஒன்று, முடிந்த படங்களைச் சேர்த்து வைக்கப் பெரிய ஹார்ட் டிஸ்க் ஒன்று. பழைய மானிட்டரில் வெள்ளை உடை நீலமாகத் தெரிந்து ஒரு மாமியாரிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட கதையைக் குன்சுலு சொன்னாள். நிறம் மாறாத மானிட்டர் ஒன்றும் சேர்ந்தது. கடைசியில் கேபினெட். சத்தம் வெளியே வராதபடி உட்புறம் பஞ்சு ஒட்டிய வெறும் கறுப்புப் பெட்டி. டனா அதை ஓடவிட, குன்சுலு குழந்தையின் மார்பில் காது வைப்பதுபோல் அதன் மேல் காதை வைத்தாள்.

"ஓடுதா?" என்றாள்.

"ஓடுதுக்கா" என்று டனா சிரித்தாள்.

"அல்மாட்டியிலிருந்து வரவழைச்சா இன்னும் மலிவா வருமாமே?" என்று நான் முணுமுணுத்தேன்.

"தோய் சீசன்ல ஒரு சாமான் கெட்டுப்போனா அல்மாட்டிக்கு அனுப்பிட்டு நான் வானத்தைப் பாக்கவா? இங்கன்னா பெட்டியைத் தூக்கிட்டு வந்துடலாம்."

"ஜன்செரிக்குக்குத் தெரிஞ்சா?"

அவள் டனாவிடம் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்தாள்.

பெட்டி வந்து இறங்கிய அன்று ஒராஸ்பெக் முதலில் குதித்தான். "எங்க அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்று கத்தினான். அவள் ஒரு படத்தை ஓட்டிக் காட்டினாள். போன வருடத் தோய் ஒன்றில் அவனே ஆடியிருந்தான். தொப்பை குலுங்குவதுகூடத் துல்லியமாகத் தெரிந்தது. மனிதன் கோபத்தை மறந்துவிட்டான்.

மறந்தவன் அதோடு நின்றிருக்கலாம். எங்களுக்குப் புதுப்பொருள் வீட்டுக்கு வந்தால் உறவினர்களிடம் காட்டிப் பைகாசி கேட்காமல் இருக்க முடியாது. பைகாசி என்றால் புதுப்பொருளைப் பார்த்தவர்கள் வாழ்த்திக் கொடுக்கும் அன்பளிப்பு. ஒராஸ்பெக் குஷியில் ஒரு படம் எடுத்து, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டு, "பைகாசி எடுங்க எல்லாரும்!" என்று எழுதிவிட்டான். அட்டைப்பெட்டியில் ஒட்டியிருந்த கடையின் பெயர் கொட்டை எழுத்தில் தெரிந்தது.

வாழ்த்துகள் குவிந்தன. சின்னத் தாத்தா பைகாசியாக ஓர் ஆட்டின் படம் அனுப்பினார். நடுவில் ஒரு வரி வந்தது: ரைஹான் குழுவிலிருந்து வெளியேறினார்.

குன்சுலு அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். சிறிது நேரத்தில் துலெகென் கூப்பிட்டான்.

"அக்கா, என்ன ஆச்சு உங்க வீட்டுல? உங்க நாத்தனார் பேசினாங்க. அவங்க பொண்ணு படத்தை வெளி ஸ்டுடியோவுக்கே கொடுத்துடணுமாம். உங்க பேரையே எடுக்கக்கூடாதுங்கறாங்க."

எந்த வேலைக்காக அந்தப் பெட்டியை வாங்கினாளோ, அந்த வேலையையே அது பறித்துக்கொண்டது.

"திருப்பிக் கொடுத்துடு" என்றான் ஒராஸ்பெக். "அவன்கிட்டயே அந்த விளக்குப் பெட்டியை வாங்கிக்கலாம். குடும்பம் உடையுது, தெரியலையா?"

"அதுல என்னால வேலை செய்ய முடியாதுங்க."

"வேலை பெரிசா, என் அக்கா பெரிசா?"

"உங்க அக்கா கால்ல விழச் சொன்னா விழறேன்" என்றாள் குன்சுலு, குரல் உயராமல். "ஆனா எனக்குன்னு இருக்கறது இந்த நாற்காலி ஒண்ணுதான். அதுலேர்ந்து என்னை எழுப்பாதீங்க."

மறுநாள் காலை ஜன்செரிக்கின் கடைக்குத் தனியாகப் போனாள். அவன் நிமிர்ந்தே பார்க்கவில்லையாம்.

"வாங்க. பெட்டி விலை கேக்க வந்தீங்களா? அதான் பெரிய கடையில வாங்கிட்டீங்களே" என்றான். "இங்க எல்லாரும் சிரிக்கறாங்க அத்தே. சொந்த மாமா வீடே உன்னை நம்பலையான்னு கேக்கறாங்க. சத்தம் ஜாஸ்தின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேற செஞ்சு தந்திருக்க மாட்டேனா?"

"சொல்லியிருக்கணும். தப்பு என்னுதுதான். ஜியென்கிட்ட எப்படி வேண்டாம்னு சொல்றதுன்னு வாயை மூடிக்கிட்டேன். சாயங்காலம் வீட்டுக்கு வா. உனக்கு எங்க வீட்டுல மூணு உரிமை இருக்கு. இதுவரைக்கும் ஒண்ணும் கேக்கலை. வந்து கேளு."

திரும்பி வந்து அவள் இதைச் சொன்னதும் நான் நெஞ்சில் கை வைத்துக்கொண்டேன். பெட்டியைத் திருப்பிக் கொடு என்று அவன் கேட்டுவிட்டால்? மறுக்க வழியே இல்லையே! "கேட்டா கொடுத்துடுவேன். ஆனா என் வேலையைப் பாத்துட்டு, மனசறிஞ்சு கேக்கட்டும்" என்றாள் அவள். சொல்லிவிட்டு விருந்துக்கு உருளைக்கிழங்கைச் சீவ ஆரம்பித்தாள்.

ஜன்செரிக் வந்தான். ஒராஸ்பெக் வெட்டி வைத்த இறைச்சியை இரண்டு வாய் தின்றான். பிறகு எழுந்து கணினி முன்னால் போய் நின்றான். "ஓட்டுங்க அத்தே, பாக்கறேன்" என்றான்.

அவள் உட்கார்ந்தாள். யாரோ ஒரு கிழவரின் வாழ்த்து. பின்னால் தட்டுச் சத்தம், குழந்தையின் அழுகை. அவள் ஒவ்வொன்றாக விலக்க விலக்க, கிழவரின் குரல் மட்டும் மெல்ல மேலே வந்தது. ஜன்செரிக் குனிந்து பெட்டியருகே காதைக் கொண்டுபோனான். மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்று திரையில் பார்த்தான். 

"நீங்க இதைத்தான் செய்யறீங்கன்னு எனக்குத் தெரியாது அத்தே" என்றான் கடைசியில். "எடிட்டிங்னா ஏதோ பாட்டு ஒட்டறதுன்னு நினைச்சேன்."

"உரிமையைக் கேளுடா" என்றான் ஒராஸ்பெக். 

ஜன்செரிக் கறுப்புப் பெட்டியின் மேல் கையை வைத்தான்.

"கேக்கறேன் மாமா. இந்தப் பெட்டியைத் திறக்கற கை இனிமே என் கை மட்டும்தான். தூசி தட்டறதும் நான்தான், நாளைக்கு ஏதாவது சேக்கறதும் நான்தான். யாரு கேட்டாலும், எங்க மெஷினை எங்க ஜியென்தான் பாத்துக்கறான்னு சொல்லணும். சந்தையில வந்து சத்தமா சொல்லணும்."

குன்சுலு முந்தின நாளிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெடித்தது. அவன் தோளில் சாய்ந்து அழுதாள். "இன்னும் ரெண்டு உரிமை மிச்சம் இருக்கு, இப்பவே அழுது தீத்துடாதீங்க" என்றான் அந்தப் பொல்லாத பையன், அவனும் மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

அவன் தன் அம்மாவிடம் என்ன சொன்னானோ தெரியாது. தோய்க்கு முந்தைய நாள் துலெகென் தொலைபேசியில் கூப்பிட்டு, "படம் உங்களுக்குத்தான் அக்கா, தயாரா இருங்க" என்றான். தொடர்ந்து ரைஹானே கூப்பிட்டாள். குன்சுலு எழுந்து நின்று பேசினாள். மருமகள் உட்கார்ந்துகொண்டா பேசுவாள்?

"ஏய், என் பையன் சொன்னான். நான் இன்னும் கோவமாத்தான் இருக்கேன், தெரிஞ்சுக்கோ."

"சரிக்கா."

"என் பொண்ணு மெருயெர்த் வாசல் தாண்டும்போது அழுவா. அதுல ஒரு துளி வெட்டினே, உன்னை விடமாட்டேன்."

"வெட்டமாட்டேன்கா."

எதிர்முனையில் குரல் தாழ்ந்தது.

"நான் அழறதை மட்டும் கொஞ்சம் குறைச்சுக்கோ" என்றாள் ரைஹான். "மூக்கு செவந்து அசிங்கமா இருப்பேன்."