திரீ பேஸ் கிரைண்டரும் ஐந்து கையெழுத்தும்

“நினைவு மலருக்கு எழுதுற, கொஞ்சம் அடக்கமா எழுது தங்கச்சி” என்று சொல்லித்தான் அண்ணன் பேனாவைக் கொடுத்தார். முயன்றேன், முடியவில்லை. அம்மா மறைந்து ஓராண்டு ஆகியும் அவர் பேச்சை எடுத்தாலே எனக்குக் குரல் உயர்ந்துவிடுகிறது.

திருவிடைமருதூரில் பிறந்து, பாபநாசத்துக்கு மருமகளாக வந்தவர் அம்மா. அப்பாவை ஆண்டவர் அழைத்துக்கொண்டபோது நாங்கள் இருவரும் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தோம். ஆட்டுக்கல்லில் இட்லி மாவு அரைத்து விற்று எங்களைக் காப்பாற்றினார். கிரைண்டர் வாங்க வங்கிக்குப் போனால் ஜாமீனுக்குச் சொத்து கேட்டார்கள். சொத்தென்று இருந்தது அந்த ஆட்டுக்கல் ஒன்றுதான்.

அப்போதுதான் எங்கள் தெருவுக்குக் குழுக்கடன் வந்தது. சொத்து வேண்டாம், ஐந்து பெண்கள் ஒருவருக்கொருவர் ஜாமீன் போட்டால் போதும். ஆனால் ஒருத்தி தவணை தவறினாலும் மற்ற நால்வருக்கும் கடன் கிடையாது. மும்தாஜ், செல்வி, வசந்தா, ஸ்டெல்லா ஆகிய நான்கு அத்தைமாரும் அம்மாவை நம்பிக் கையெழுத்துப் போட்டார்கள். முதல் கடன் அம்மாவுக்கு!

கிரைண்டர் வந்த நாளை மறக்க முடியுமா! கும்பகோணத்து ஓட்டல் ஒன்றில் ஓடியதை, பாதி விலை என்றதும் யாரையும் கேட்காமல் வாங்கிவிட்டார். மெழுகுவத்தி ஏற்றி ஜெபித்தோம். எலக்ட்ரீஷியன் திறந்து பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது திரீ பேஸ் மோட்டாருங்க. ஒங்க வீட்டு சிங்கிள் பேஸ் லைன்ல ஓடாது.”

வேறு மோட்டார் வாங்கக் காசில்லை. நால்வரின் கடனும் அந்த எந்திரத்தோடு நின்றுவிட்டதே என்று அம்மா இடிந்துபோனார். “என்ன மன்னிச்சிடுங்க” என்று அழுதார்.

மும்தாஜ் அத்தை முந்தானையை இடுப்பில் செருகினார். “அழுவுறதுக்கா கையெழுத்துப் போட்டோம்? கரண்டு இங்க வராட்டி, கரண்டு இருக்கிற எடத்துக்கு இதத் தூக்குங்கடி!”

கடைத்தெருவில் பூட்டிக் கிடந்த மாவு மில்லில் அந்தத் திரீ பேஸ் இணைப்பு இருந்தது. மில்காரரிடம் வாடகை பேசி, குட்டியானை வண்டியில் ஏற்றி, ஐவரும் பிடித்துக்கொண்டு ஊர்வலமாகப் போனார்கள். எந்திரம் சுற்றியதும், “ஓடுதுடி! ஓடுதுடி!” என்று அம்மா போட்ட சத்தம் ரயிலடி வரை கேட்டிருக்கும்.

கடைத்தெருவில் நின்றதால் ஓட்டல்காரர்களே தேடி வந்தார்கள். ஒரு தவணையும் தவறவில்லை. செல்வி அத்தைக்குத் தையல் மெஷின், வசந்தா அத்தைக்குக் கறவை மாடு என்று வரிசையாக வந்தன. நோயில் படுத்த கடைசி வாரத்தில்கூட, தலையணையில் சாய்ந்தபடி அம்மா ஸ்டெல்லா அத்தைக்கு ஜாமீன் போட்டார். “இந்தக் கோழிக் கிறுக்கல நம்பி இன்னும் கடன் குடுக்குறாங்க பாரு” என்று சிரித்தார்.

சிகிச்சையளித்த மருத்துவர், செவிலியர், பங்குத்தந்தை, உடனிருந்த உறவினர் அனைவருக்கும் எங்கள் நன்றி. அத்தைமாருக்கு நன்றி சொன்னால் திட்டுவார்கள். ஆகவே அவர்களிடம் ஒரு விண்ணப்பம் மட்டும். குழுவில் ஐந்தாவது இடம் காலியாக இருக்கிறது. நான் இடியாப்ப மெஷின் போடப் போகிறேன். சிங்கிள் பேஸ்தானா என்று மூன்று முறை கேட்டுவிட்டேன். எனக்குக் கையெழுத்துப் போடுவீர்களா, அத்தைமாரே?