எர்த் குழிக்குத் தண்ணீர்

இன்று காலை கிரைண்டரைத் தொட்ட என் மனைவியை ஷாக் தூக்கிப் போட்டுவிட்டது. இந்த மாதத்தில் இது முதல் தடவை இல்லை. தெரு எலக்ட்ரீஷியனை நம்பியது போதும் என்று, லைசென்ஸ் உள்ளவரைத் தேடிப்பிடித்துக் கூட்டிவந்தேன்.

அவர் கிரைண்டரைத் திறக்கவே இல்லை. கொல்லையில் வெடித்துக் கிடக்கும் கரிசலைத்தான் பார்த்தார்.

"எர்த் குழியில ஈரமே இல்ல அண்ணாச்சி. கசியுற கரண்டு மண்ணுக்குள்ள எறங்க வழியில்லாம ஆளு மேல பாயுது. தெனமும் ரெண்டு குடம் தண்ணி ஊத்துங்க."

"லைசென்ஸ் இல்லாதவரும் இதத்தான சொன்னாரு!"

"அப்ப அவரு சரியாத்தான் சொல்லியிருக்காரு."

உள்ளேயிருந்து மனைவி கத்தினாள்: "வீட்டுல இருக்கதே ஒரு கொடம். குடிக்கவா, அங்கன ஊத்தவான்னு அவியகிட்டயே கேளுங்க!"

கோவில்பட்டியில் தண்ணீர் லாரியோடு வரும் எலக்ட்ரீஷியன் இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். லைசென்ஸ் கேட்க மாட்டேன்.